40க்கு 60 மனை, முன்பக்கத் தோட்டத்தை மாற்ற வேண்டும்: காண்ட்ராக்டர் கொடுத்த கொட்டேஷன் சரிதானா?

வேப்பமரத்தடி எழுதியது:

வணக்கம். நாகமலை புதுக்கோட்டை பக்கம் வீடு. கிழக்குப் பார்த்த மனை, 40க்கு 60. முன்னால் 15 அடி, பின்னால் மேற்கே 8 அடி, தெற்கே 5, வடக்கே 4 அடி விட்டுக் கட்டியது. முன்பக்கத்தில் கார் நிற்க 12க்கு 15 போக 420 சதுர அடி மண் தரை.

இப்போது இருப்பது: தென்கிழக்கு மூலையில் நன்றாக வளர்ந்த வேம்பு. கார் நிற்கும் இடத்துக்குக் கீழே சம்ப். செப்டிக் டேங்க் பின்னால் வடமேற்கு மூலையில். தோட்டத்துக்குப் போர் தண்ணீர்தான், கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 1800 (லிட்டருக்கு மில்லிகிராம்) காட்டுகிறது. மண்வெட்டி போட்டால் முக்கால் அடி வரை செங்கல் துண்டும் சிமெண்டுக் காரையும் வருகிறது. அதற்குக் கீழே செம்மண்ணும் சரளையும். ஏற்கெனவே போட்டிருந்த புல் காய்ந்துவிட்டது.

ஒரு காண்ட்ராக்டர் வந்து பார்த்துவிட்டு ஒரே தாளில் எழுதிக் கொடுத்தது இது: முழுக்க 6 அங்குலம் செம்மண் நிரப்புதல், மெக்சிகன் புல், ஃபாக்ஸ்டெயில் பாம் 8, காம்பவுண்டு ஓரம் கோனோகார்பஸ் வரிசை, சின்ன செயற்கை அருவி, சொட்டுநீர். மொத்தம் 2,75,000 ரூபாய், பாதி முன்பணம். ஆடி முடிந்ததும் வேலை தொடங்கி இருபது நாளில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார்.

இதில் எதை ஒத்துக்கொள்ளலாம், எதை மாற்றச் சொல்ல வேண்டும்? வீட்டில் மல்லிகையும் கறிவேப்பிலையும் கட்டாயம் வேண்டும் என்கிறார்கள்.

---

மட்டப்பலகை எழுதியது:

செடி, புல் எல்லாம் அப்புறம். அந்தத் தாளில் முதல் வரியே தப்பு. 6 அங்குலம் மண் ஏற்றக் கூடாது. காரணம் மூன்று.

ஒன்று, வீட்டின் பேஸ்மட்டம். சுவரில் டிபிசி (ஈரம் மேலேறாமல் தடுக்கும் அடுக்கு) போட்ட மட்டத்துக்குத் தோட்ட மண் அரை அடியாவது கீழே இருக்க வேண்டும். மண்ணை ஏற்றி அந்த இடைவெளியைத் தின்றுவிட்டால் ஐப்பசி, கார்த்திகையில் உள்சுவர் ஓதம் அடிக்கும், பெயிண்ட் உப்புப் பூத்து உதிரும். அடிமண்ணில் அடித்த கரையான் மருந்துக்கும் மேலாகப் புது மண் ஏறிவிடும். கரையானுக்கு அது போதும், நேராக ஜன்னல் கட்டைக்கு வழி.

இரண்டு, வேம்பு. மரம் உணவும் காற்றும் எடுக்கிற மெல்லிய வேர்களில் பெரும்பாலானவை மேல் ஒன்று, ஒன்றரை அடிக்குள்தான். அதன்மேல் அரை அடி மண்ணைக் கொட்டி மிதித்துவிட்டால் வேருக்குக் காற்று குறையும். மரம் உடனே காட்டாது. ஒன்றிரண்டு வருடம் கழித்து நுனிக் கிளை காயும், அப்போது காண்ட்ராக்டர் போனை எடுக்க மாட்டார். அடிமரத்தைச் சுற்றி மண் குவித்தால் பட்டை அழுகுவது தனி.

மூன்று, காம்பவுண்டு சுவர். அது மறைப்புக்குக் கட்டியது, மண்ணைத் தாங்கக் கட்டியதல்ல. ஒருபக்கம் ஈர மண் ஏறினால் தெருப்பக்கம் சாயும்.

சரியான வழி: ஏற்றாதீர்கள், மாற்றுங்கள். வேம்பிலிருந்து சுற்றிலும் 8 அடி தூரத்தை விட்டுவிட்டால் உங்களுக்கு 370 சதுர அடி கிடைக்கும். அதில் முக்கால் அடி ஆழம் இடிபாட்டை வெட்டி எடுத்தால் சுமார் 2¾ யூனிட் வெளியே போக வேண்டும் (யூனிட் என்றால் 100 கன அடி). உள்ளே 3¾ யூனிட் வர வேண்டும், ஏனென்றால் கொட்டிய மண் ஒரு மழையில் கால்வாசி அமுங்கும். வேம்பைச் சுற்றி மண்வெட்டி வேண்டாம். கையால் பொறுக்கி, கொத்தால் கிளறினால் போதும்.

சுண்ணாம்பு, சிமெண்டு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று தெரியாவிட்டால், ஒவ்வொரு அரை அடியிலும் ஒரு பிடி மண் எடுத்துக் கொஞ்சம் வினிகர் ஊற்றுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. அந்த மண்ணில் இட்லிப்பூ, ரோஜா எல்லாம் இலை வெளுத்துக்கொண்டே இருக்கும், எத்தனை உரம் போட்டாலும்.

மட்டம் பார்ப்பதை ட்யூப் லெவலில் (தண்ணீர் நிரப்பிய குழாயில்) பாருங்கள், கண்மட்டத்தை நம்பாதீர்கள். சுவரிலிருந்து வெளியே 8 அடிக்கு 1 அங்குலம் சரிவு. சம்ப் மூடியின் கழுத்து தரையைவிட 2 அங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மழைத் தண்ணீரோடு சாணியும் சம்புக்குள் போகும்.

கார் இடத்துக்கு 60 மில்லிமீட்டர் கனமுள்ள பேவர் கல் போதும். கீழே 4 அங்குலம் ஜல்லி கலந்த கிராவல் தண்ணீர் விட்டு இடித்து, மேலே ஒன்றரை அங்குலத்துக்கு மேற்படாமல் கிரஷர் மணல். மணலை 3, 4 அங்குலம் பரப்பி மட்டத்தை ஒப்பேற்றுவார்கள், அங்கேதான் டயர் தடம் பள்ளமாகும். ஓரத்தில் கெர்ப் கல்லை (விளிம்புக் கல்லை) கான்கிரீட்டில் நிறுத்தாவிட்டால் பேவர் வெளியே நகர்ந்து வாய் பிளக்கும். சம்ப் தளத்தின்மேல் வருகிற பேவர் அமுங்காது, பக்கத்து மண்மேல் இருப்பது அமுங்கும். ஆகவே சம்பைச் சுற்றிய மண்ணைத்தான் இரண்டு தடவை இடிக்கச் சொல்லுங்கள்.

---

உவர்க்கிணறு எழுதியது:

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். தண்ணீரைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் உங்கள் தோட்டத்தைத் தீர்மானிக்கப் போவது அந்த 1800தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சித்திரை வெயிலில் புல் தரைக்கு ஒரு நாளைக்கு 6 மில்லிமீட்டர் தண்ணீராவது வேண்டும். 420 சதுர அடி என்பது 39 சதுர மீட்டர், அதாவது நாளுக்கு 234 லிட்டர். லிட்டருக்கு 1.8 கிராம் உப்பு என்றால் தினமும் 420 கிராம் உப்பைத் தரையில் தூவுகிறீர்கள். மாசி கடைசியில் தொடங்கி 120 நாள் ஊற்றினால் 50 கிலோ. ஒரு மூட்டை உப்பு! மழைதான் அதைக் கீழே கழுவ வேண்டும். அடியில் சரளை இருப்பது உங்களுக்கு நல்லது, இறங்கும். ஆனால் இடிபாட்டை எடுக்காமல் மேலே மண் போட்டிருந்தால் அதுவும் இறங்காது.

மெக்சிகன் புல் உப்பைத் தாங்காது என்று சொல்ல மாட்டேன், ஓரளவு தாங்கும். வேப்ப நிழலில் வராது, தண்ணீர் குடிக்கும், அதுதான் குறை. புல் கட்டாயம் வேண்டுமென்றால் வடக்கு ஓரம் வெயில்படும் 100 சதுர அடியோடு நிறுத்துங்கள். மீதிக்குப் பொடுதலை பரப்பலாம். நம்மூர் வரப்பில் வருகிற அதே பொடுதலைதான், உப்புக்கும் வெயிலுக்கும் அசராது, வெட்டும் வேலை குறைவு, கொஞ்சம் மிதியும் தாங்கும். வேம்பின் கீழே மருள், பிரண்டை, தொட்டியில் சிங்கோனியம். அங்கே பூச்செடி வைத்துச் சண்டை போடாதீர்கள்.

டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்பை மட்டும் சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது. சுண்ணாம்பு உப்பா, சோடியமா என்பதில்தான் வித்தியாசம். சோடியம் அதிகம் என்றால் மண் இறுகிப் பலகையாகும், அதற்கு ஜிப்சம் வேலை செய்யும். வெறும் கடினத் தண்ணீர் என்றால் ஜிப்சம் வீண் செலவு. ஒத்தக்கடை வேளாண் கல்லூரியில் மண்ணும் தண்ணீரும் பரிசோதித்துக் கொடுக்கிறார்கள். போரை அரை மணி நேரம் ஓடவிட்டு, பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு தடவை அலசி ஒரு லிட்டர் பிடியுங்கள். மண்ணுக்கு ஐந்தாறு இடத்தில் 'வி' வடிவில் அரை அடி ஆழம் வெட்டி, பக்கவாட்டில் சீவி எடுத்துக் கலந்து, அதில் அரை கிலோ. உரம் கொட்டிய இடத்திலும் மரத்தடியிலும் எடுக்கக் கூடாது. தண்ணீர் அறிக்கையில் மின்கடத்துதிறன் (இதுவும் உப்பைக் காட்டும் அளவுதான்) உங்கள் அளவுக்கு 2.8 பக்கம் வரும். 3ஐத் தாண்டினால் பெரும்பாலான செடிக்குச் சிரமம், ஆகவே நீங்கள் விளிம்பில் இருக்கிறீர்கள்.

இந்தத் தண்ணீருக்கு நிற்பவை: அரளி, காகிதப்பூ, பூவரசு, தென்னை, சப்போட்டா, வேம்பு. நடுத்தரம்: செம்பருத்தி, மாதுளை, கொய்யா. சொட்டுநீரில் கவனமாகப் பார்த்தால் வரும். எலுமிச்சையும் ரோஜாவும் வேண்டாம், இலை ஓரம் கருகிக்கொண்டே இருக்கும்.

ஃபாக்ஸ்டெயில் 8 என்பது கடையில் சரக்கு தேங்கியிருக்கிறது என்று அர்த்தம். 25, 30 அடி போகிற மரத்தை எட்டு எண்ணிக்கையில் அந்த இடத்தில் எங்கே நிறுத்துவது? நிழலும் தராது. கோனோகார்பஸை உடனே அடித்துவிடுங்கள், தமிழ்நாடு அரசு 2025இல் அதற்குத் தடை ஆணையே போட்டிருக்கிறது. அதை இன்னும் கொட்டேஷனில் எழுதுகிறவரிடம் மற்ற விஷயத்திலும் ஜாக்கிரதை. அருவி: 1800 தண்ணீர் ஆவியாகிக் கல் முழுக்க வெள்ளைப் படிவம், மோட்டார் நின்ற நாளில் கொசு. விட்டுத்தள்ளுங்கள்.

வரும் செம்மண் லோடில் கோரைக்கிழங்கு இருக்கிறதா என்று பார்க்காமல் இறக்காதீர்கள். கருப்பாகச் சின்னச் சின்னக் கிழங்காக இருக்கும். முந்தியே ஒரு சட்டி மண் வாங்கி நனைத்துப் பத்துப் பதினைந்து நாள் வைத்தால் முளைத்துக் காட்டிவிடும். தொழுவுரம் மக்கியதா என்பதற்குக் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். சூடும் நாற்றமும் இருந்தால் பச்சை, வேரைச் சுடும், வண்டுப் புழுவும் கூடவே வரும். கலவை: செம்மண் 2, மக்கிய எரு 1, மணல் 1. எம்-சாண்ட் போட்டால் தூசி கழுவியதாக இருக்கட்டும். தூள் கலந்தது சிமெண்டு மாதிரி இறுகும்.

---

வேப்பமரத்தடி எழுதியது:

நன்றி. 50 கிலோ உப்பு என்றதும் புல் ஆசை போய்விட்டது. இரண்டு சந்தேகம். மாடித் தொட்டியிலிருந்தே சொட்டுநீர் விடலாம் என்கிறார் காண்ட்ராக்டர், சரிவருமா? தொட்டி அடி தரையிலிருந்து 15 அடி உயரம். அடுத்தது, மாடி மழைத் தண்ணீரை முன்பக்கம் விட இடம் இருக்கிறது, குழி எந்த அளவு?

---

குழாயடி எழுதியது:

அண்ணே, 10 மீட்டர் உயரம் இருந்தால்தான் 1 கிலோ அழுத்தம். உங்களுக்கு 15 அடி, அதாவது நாலரை மீட்டர், 0.45 கிலோ. ஃபில்டரில் கொஞ்சம் போய்விடும். கடையில் நல்லது என்று கொடுக்கிற அழுத்தம் சமன்செய்யும் டிரிப்பர் (சொட்டு விடும் வாய்) இதில் ஒழுங்காக வேலை செய்யாது, ஒன்று சொட்டும் ஒன்று சும்மா இருக்கும். ரெண்டு வழி. சாதா டிரிப்பர் போட்டு ஒவ்வொரு 16 மில்லிமீட்டர் குழாய் லைனையும் 40, 50 அடிக்குள் நிறுத்துங்கள். இல்லையென்றால் சம்பில் அரை ஹெச்பி மோட்டாரும் டைமரும்.

எப்படியானாலும் 120 மெஷ் ஃபில்டர் கட்டாயம். ஒவ்வொரு லைன் கடைசியிலும் மடக்கிக் கட்டாமல் திறக்கிற மூடி வையுங்கள், பதினைந்து நாளுக்கு ஒருமுறை திறந்து கசடு போகட்டும். உங்கள் தண்ணீருக்கு டிரிப்பர் வாய் வெள்ளையாக அடைக்கும். கழற்றி வினிகரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டால் திறந்துவிடும், அதனால் குழாய்க்குள்ளேயே பதித்த டிரிப்பர் வேண்டாம், மேலே குத்துவதாக வாங்குங்கள்.

வால்வு மூன்றாகப் பிரியுங்கள்: மரம், செடி, தொட்டி. மரத்துக்கு மணிக்கு 8 லிட்டர் டிரிப்பர் நாலு, ஒரு மணி நேரம், 32 லிட்டர். அடிமரத்திலிருந்து ரெண்டடி தள்ளி. செடிக்கு 4 லிட்டர் டிரிப்பர் ஒன்று. எல்லாவற்றையும் ஒரே வால்வில் போட்டால் தொட்டி மிதக்கும், மரம் காயும்.

உப்புத் தண்ணீரில் ஒரு விஷயம். டிரிப்பர் நனைக்கிற வட்டத்தின் ஓரத்தில் உப்பு ஒதுங்கி நிற்கும், வெள்ளை வளையமாகவே தெரியும். கோடை கழிந்து முதல் சிறு தூறல் விழும்போது அந்த உப்பு வேருக்குத் திரும்பி வரும். மழைதானே என்று அன்றைக்கு டிரிப்பை நிறுத்திவிடுவார்கள், மறுவாரம் இலை கருகும். நல்ல மழை ஒன்று இறங்கி மண் ஆழமாக நனையும் வரை டிரிப்பை ஓடவிடுங்கள்.

பேவர் போடுவதற்கு முன்னால் கார் இடத்தின் குறுக்கே ஒரு அடி ஆழத்தில் 3 அங்குல பிவிசி குழாய் ரெண்டு புதையுங்கள். ஒன்று தண்ணீருக்கு, ஒன்று விளக்கு வயருக்கு. உள்ளே ஒரு கயிறு விட்டு ரெண்டு முனையும் மூடி வையுங்கள். இதை மறந்துதான் எல்லோரும் மறுவருடம் பேவரைப் பெயர்க்கிறார்கள்.

மழைக் குழி: வீடு சுமார் 1150 சதுர அடி மாடி. 1 சென்டிமீட்டர் மழைக்கு வீணானது போக 850 லிட்டர். ஐப்பசியில் ஒரே நாளில் 5 சென்டிமீட்டர் அடித்தால் 4,250 லிட்டர். 3 அடி விட்டம் 6 அடி ஆழம் உறை இறக்கினால் வெறும் குழியே 1,200 லிட்டர்தான் பிடிக்கும். அதையும் ஜல்லி கொட்டி நிரப்பிவிட்டால் 500கூட நிற்காது. ஆகவே உள்ளே காலியாக விட்டு, துளை போட்ட உறை, அடியில் ஒரு அடி ஜல்லி, மேலே கான்கிரீட் மூடி. வழிகிற தண்ணீருக்குத் தெருவாய்க்கால் வரை குழாய் கட்டாயம். அஸ்திவாரத்திலிருந்து 8 அடியாவது தள்ளித் தோண்டுங்கள். மாடிக் குழாய்க்கும் குழிக்கும் நடுவில் ஒன்றரை அடி சதுரத்தில் வண்டல் தங்கும் தொட்டி. வேப்பஞ்சருகு அதில்தான் மாட்டும், புரட்டாசியில் ஒருமுறை அள்ளிவிடுங்கள்.

---

அளவுப் புத்தகம் எழுதியது:

காண்ட்ராக்டர் விஷயம். 'எல்லாம் சேர்த்து இவ்வளவு' என்ற கொட்டேஷனை வாங்கவே வேண்டாம். கேட்க வேண்டியது அளவோடு கூடிய பட்டியல். இடிபாடு அகற்றல் இத்தனை கன அடி, எங்கே கொட்டுவார் என்பது உட்பட. மண் இத்தனை யூனிட், லாரியிலேயே டேப் வைத்து நீளம், அகலம், உயரம் அளந்து. பேவர் இத்தனை சதுர அடி, என்ன கனம். குழாய் இத்தனை அடி. செடி ஒவ்வொன்றுக்கும் பெயர், பை அளவு, உயரம், எண்ணிக்கை, விலை. 'அலங்காரச் செடிகள் 1 செட்' என்று எழுதியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பட்டியல் இருந்தால்தான் இன்னொருவர் விலையோடு ஒப்பிட முடியும், நடுவில் அருவியை வெட்டினாலும் எவ்வளவு குறையும் என்று கேட்க முடியும்.

பாதி முன்பணம் அதிகம். 20 சதவீதம் முன்பணம். மண் வேலையும் குழாயும் முடிந்து, மூடுவதற்கு முன் தண்ணீர் விட்டுக் கசிவு பார்த்து, டேப்பைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தபின் 30. பேவரும் நடவும் முடிந்ததும் 35. மிச்சம் 15ஐக் கையில் வையுங்கள்.

அந்த 15ஐ எப்போது கொடுப்பது என்பதில்தான் சூட்சுமம். மூன்று மாதம் செடிக்குப் பொறுப்பு என்பார்கள். ஐப்பசியில் நட்டதற்கு மூன்று மாதம் என்றால் தை. தைக்குள் மதுரையில் எந்தச் செடி சாகும்? குச்சியை நட்டாலும் பச்சையாக நிற்கும். சித்திரை முடிவு வரை என்று பேசுங்கள். எல்லாச் செடிக்கும் ஒத்துக்கொள்ள மாட்டார், நியாயம்தான், தண்ணீர் விடுவது உங்கள் கையில் இருக்கிறது. மரக்கன்றுக்காவது எழுதி வாங்குங்கள்.

செடி இறங்கும்போது ஐந்தில் ஒன்றைப் பையிலிருந்து உருவிப் பாருங்கள். வேர் பைக்குள் பம்பரக் கயிறு மாதிரி சுற்றியிருந்தால் அந்த லாட் முழுக்க வேண்டாம். நட்டபின் அது வெளியே பிரியாது, மூன்றாம் வருடம் காற்றில் சாயும். பிளாஸ்டிக் பையோடு நடுகிற ஆட்களும் உண்டு, பக்கத்தில் நில்லுங்கள்.

போட்டோ ஆல்பத்தைப் பார்க்காதீர்கள். இவர் போட்டு இரண்டு கோடை தாண்டிய தோட்டம் ஒன்றை நேரில் காட்டச் சொல்லுங்கள்.

உண்மையில் 420 சதுர அடிக்கு லேண்ட்ஸ்கேப் காண்ட்ராக்டரே தேவையில்லை என்பேன். கொத்தனார், பிளம்பர், தோட்டக்காரர் மூவரையும் தனித்தனியாகப் பிடித்தால் முடிந்தது.

---

மட்டப்பலகை எழுதியது:

கடைசி வரிக்கு மட்டும் மறுப்பு. தினமும் கூடவே நிற்க ஆள் இருந்தால் தனித்தனியாகப் பிடிக்கலாம். வேலைக்குப் போகிறவர் என்றால் கொத்தனார் குழாயை உடைப்பார், பிளம்பர் மட்டத்தைக் கெடுப்பார், இருவரும் தோட்டக்காரரைக் கை காட்டுவார்கள். மண், குழாய், பேவர் மூன்றும் ஒரே ஆளிடம், நடவு மட்டும் தனியாக. அதுதான் சரியான இடத்தில் பிரிப்பது.

'ஆடி முடிந்ததும் இருபது நாள்' என்பதையும் மாற்றுங்கள். ஆடியிலேயே பரிசோதனை, இடிபாடு அள்ளல். ஆவணியில் மழைக் குழி, குழாய், பேவர். புரட்டாசியில் மண்ணும் எருவும் நிரப்பி ஒன்றிரண்டு மழையில் அமுங்கவிட்டு, பள்ளம் விழுந்த இடத்தை நிரவுங்கள். நடவு ஐப்பசித் தொடக்கத்தில். ஆவணி வெயிலில் அமுங்காத மண்ணில் நட்டால் செடி மண்ணோடு சேர்ந்து 2, 3 அங்குலம் இறங்கிக் கழுத்தில் தண்ணீர் தேங்கும்.

---

கொல்லைப்புறம் எழுதியது:

மல்லிகையையும் பின்பக்கத்தையும் யாரும் தொடவில்லை.

மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனால் மதுரை என்பதற்காக வேப்ப நிழலில் பூக்காது. வெயில் தாராளமாக விழ வேண்டும். உங்கள் மனையில் முன்பக்கம் வடக்கு ஓரம், புல்லுக்கு ஒதுக்கச் சொன்ன அதே இடம். புல்லா மல்லியா என்றால் மல்லிதான். அங்கே மழைக் குழியின் வழிநீர் தேங்காதபடி பாத்தியை 4 அங்குலம் உயர்த்துங்கள் (சுவரை ஒட்டி அல்ல, இரண்டடி தள்ளி). ஒரு அடி நீள அகல ஆழக் குழி, குழிக்கு 10 கிலோ மக்கிய எரு, செடிக்குச் செடி 4 அடி. ஐந்து செடி வீட்டுக்குத் தாராளம். கார்த்திகை நடுவில், நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு வெட்டிவிட வேண்டும். முதல் வருடம் வெட்டாதீர்கள். உங்கள் தண்ணீருக்கு இளம் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அது இரும்புச் சத்துக் குறை. அன்னபேதி (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து மாதம் ஒருமுறை சாயங்காலம் தெளியுங்கள். யூரியாவைக் கொட்டினால் இலைதான் வரும், மொட்டு வராது.

பின்பக்கம் 8 அடி, மேற்கு வெயில் சுவரில் அறையும். தென்மேற்கில் முருங்கை ஒன்று, வீட்டுச் சுவரிலிருந்து 5 அடி தள்ளி, தலையை 6 அடியில் கிள்ளிக்கொண்டே. நடுவில் கறிவேப்பிலை. சமையலறை சிங்க் கழிவுத் தண்ணீர் குடிநீர்க் குழாயிலிருந்து வருவது என்றால் அதை வாழைக்குத் திருப்புங்கள். போர் தண்ணீர் வாழைக்கு ஆகாது. வாஷிங் மெஷின் தண்ணீரை எதற்கும் விடாதீர்கள், சோப்பில் இருப்பது சோடியம்தான். செப்டிக் டேங்கைச் சுற்றி 8 அடிக்குள் மரம் வேண்டாம், மூடியைத் திறக்க ஆள் நிற்க இடமும் வேண்டும். அங்கே தொட்டிச் செடியோடு நிறுத்துங்கள். கரையான் மருந்து அடித்த சுவர் ஓரம் ஒன்றரை அடிக்குக் கீரை, காய் எதுவும் போடாதீர்கள்.

யாராவது கடம்ப மரம் யோசனை சொல்வார்கள், மீனாட்சியம்மன் கோயில் தலவிருட்சம் என்று. அது மனையையே மூடும் மரம். ஆசைக்குப் பவழமல்லி வைக்கலாம், ஆனால் அதுவும் சம்பிலிருந்து 6 அடி தள்ளி.